அமெரிக்காவுக்கு அனிமே வந்தது போக்கிமானோடுதானா?

வாசகர் கேள்வி, 21 செப்டம்பர் 2025

போன வாரம் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ என்ற அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் படம், அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் 7 கோடி டாலர் அள்ளிவிட்டது. என் கணக்கு இதுதான்: 1998-ல் போக்கிமான் வரும்வரை அமெரிக்கர்களுக்கு அனிமே என்றால் என்னவென்றே தெரியாது. அப்புறம் ஸ்ட்ரீமிங் வந்து ஊதிப் பெரிதாக்கியது. நடுவில் ஒன்றுமில்லை. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரவும்.

22 செப்டம்பர் 2025

1963.

22 செப்டம்பர் 2025, இரவு

சரி, ஒரு வருடத்தை மட்டும் எறிந்துவிட்டுப் போனால் அடிக்க வருவீர்கள். விவரமாகவே சொல்கிறேன்.

ஜப்பானியச் சித்திரக்கதைக் கலைஞர் ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ கார்ட்டூன் தொடர் 1963 ஜனவரி 1 அன்று ஜப்பானில் ஃபியூஜி டிவியில் தொடங்கியது. அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்க வீடுகளில் ஓட ஆரம்பித்துவிட்டது. அமெரிக்க டிவி நிறுவனமான என்பிசியின் விற்பனைப் பிரிவு அதை வாங்கி, ஊர் ஊராக இருந்த உள்ளூர் சேனல்களுக்கு விற்றது. ஆங்கிலமாக்கியவர் ஃப்ரெட் லாட். ஜப்பானில் ஓடியது 193 எபிசோடு, அமெரிக்காவுக்கு வந்தது 104. பின்னாலேயே ‘ஜைகான்டர்’, ‘கிம்பா’, 1967-ல் ‘ஸ்பீட் ரேசர்’. இதற்கெல்லாம் முன்னால் 1961-லேயே மூன்று ஜப்பானிய கார்ட்டூன் படங்கள் அமெரிக்கத் தியேட்டருக்கு வந்து, கண்டுகொள்ள ஆளில்லாமல் போய்ச் சேர்ந்தன.

கேட்ட தம்பி சொல்வதில் ஒரு பாதி சரி. பார்த்த பிள்ளைகளுக்கு அது ஜப்பான் சரக்கு என்று தெரியாது. விற்றவர்கள் சொல்லவில்லை. பெயர்களை மாற்றினார்கள், ஜப்பானிய எழுத்துள்ள பலகைகளை நறுக்கினார்கள், டைட்டிலில் அமெரிக்கர்களின் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். ‘ஸ்பீட் ரேசர்’ கேள்விப்பட்டவரா என்று அறுபது வயதுள்ள எந்த அமெரிக்கரையும் கேட்டுப் பாருங்கள், பாட்டையே பாடிக் காட்டுவார். என்னோடு வேலை பார்த்த ஒருவர் கேன்டீனில் பாடினார். அது டோக்கியோவின் தத்சுனோகோ ஸ்டூடியோ செய்தது என்றதும் நம்பவேயில்லை, போனை எடுத்துத் தேடினார்.

ஆகவே “வந்தது எப்போது” என்பது ஒரு கேள்வி. “வந்தது என்று தெரிந்தது எப்போது” என்பது வேறு.

24 செப்டம்பர் 2025

‘கிம்பா’ பற்றி ஒரு வரியில் கடந்துவிட்டேன். அது கூடாது, முழுக் கதைக்கும் சாவி அங்கேதான் இருக்கிறது.

‘கிம்பா’வுக்கு மூலமான தெசுகாவின் சித்திரக்கதையில் ஒரு வெள்ளைச் சிங்கக்குட்டி வளர்கிறது, அரசனாகிறது, தகப்பனாகிறது, கடைசியில் சாகிறது. வண்ணத்தில் எடுக்கப் பணம் கொடுத்த என்பிசி தரப்பின் நிபந்தனை வேறு: தொடர்கதை கூடாது. உள்ளூர் சேனல்காரர் எந்த எபிசோடை எந்த நாளில் போட்டாலும் புரிய வேண்டும். எனவே குட்டி வளரவே கூடாது. 52 எபிசோடும் குட்டிதான். தெசுகா பிறகு சிங்கம் வளர்ந்த கதையைத் தனித் தொடராக 1966-ல் எடுத்தார். என்பிசி அதை வாங்கவில்லை.

என் கட்சி இதுதான், இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரிய கண்ணும் கூர்முடியும் ரோபோவும் அமெரிக்கர்களைப் பிடித்து இழுக்கவில்லை. நேற்று நடந்தது இன்று மறக்கப்படாத கார்ட்டூன், செத்தவன் செத்தவனாகவே இருக்கும் கார்ட்டூன், முடிவென்று ஒன்று உள்ள கார்ட்டூன், அதுதான் இழுத்தது. அமெரிக்கக் கார்ட்டூன்களில் அது கிடையாது. வாங்கி விற்றவர்கள் முதல் வேலையாகக் களைய நினைத்ததும் அதைத்தான்.

28 செப்டம்பர் 2025

எழுபதுகளில் ஒரு வறட்சி. டிவியில் பிள்ளைகள் பார்க்கும் வன்முறை பற்றிப் பெற்றோர் அமைப்புகள் கொடி பிடித்தன. 1968-ல் மாசசூசெட்ஸில் பெக்கி சாரனும் மற்ற தாய்மார்களும் தொடங்கிய குழுதான் அதில் பெயர் பெற்றது. அவர்களின் முதல் கோபம் விளம்பரங்கள் மேல். ஆனாலும் அந்தக் காலத்துக் காற்று சண்டைக் கார்ட்டூன்களுக்கு எதிராகத்தான் வீசியது. இறக்குமதி அநேகமாக நின்றது.

அப்புறம் 1977-ல் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்தது, எல்லோருக்கும் விண்வெளி வேண்டியிருந்தது. சாண்டி ஃபிராங்க் என்ற விநியோகஸ்தர் ஜப்பானின் ‘காட்சாமன்’ தொடரை வாங்கி 1978-ல் ‘பேட்டில் ஆஃப் தி பிளானட்ஸ்’ என்று விட்டார். மூலத்தில் கதை நடப்பது பூமியில். இவர்கள் அதைக் கிரகம் கிரகமாக அலையவிட்டார்கள். வெட்டிய சண்டைக் காட்சிகளின் இடத்தை நிரப்ப ‘7-ஜார்க்-7’ என்று ஒரு ரோபோவை இங்கேயே வரைந்து ஒட்டினார்கள். நகரமே தரைமட்டமாகும், ரோபோ வந்து “நல்லவேளை, எல்லோரையும் முன்பே வெளியேற்றிவிட்டார்கள்” என்ற தினுசில் ஆறுதல் சொல்லும். நான் இணையத்தில் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுவருடம் 1979-ல் ‘ஸ்டார் பிளேசர்ஸ்’. ‘யமாட்டோ’ போர்க்கப்பல் கதை. இதிலும் கைவைத்தார்கள். டாக்டர் குடிக்கும் சாக்கே மது ஊற்றுத் தண்ணீர் ஆனது. ஆனால் பூமி அழிய இத்தனை நாள் பாக்கி என்று ஒவ்வொரு எபிசோடின் கடைசியிலும் வரும் எண்ணிக்கையை விட்டுவைத்தார்கள். விட்டுவைக்காமல் என்ன செய்வது, கதையே அதுதானே. பள்ளி விட்டு ஓடிவந்து டிவி முன் உட்கார்ந்தோம் என்று இந்தத் தலைமுறை ரசிகர்கள் சொல்வார்கள். ஒருநாள் தவறினால் கதை போய்விடும். அமெரிக்கக் கார்ட்டூனுக்கு அந்தப் பயம் புதிது.

அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் இன்னொரு வழியும் திறந்தது. அங்கே குடியேறிய ஜப்பானியருக்கான சேனல் நேரத்தில் ராட்சத ரோபோத் தொடர்கள் ஜப்பானிய மொழியிலேயே ஓடின. சிலவற்றுக்கு ஆங்கில சப்டைட்டிலும் இருந்தது. அறிவியல் புனைகதை வாசகர்கள் சிலர் அதில் விழுந்து, 1977-ல் ‘கார்ட்டூன்/ஃபேன்டஸி ஆர்கனைசேஷன்’ என்று சங்கம் வைத்தார்கள். ஃப்ரெட் பேட்டன் அதில் முக்கியமானவர். வீட்டு விசிஆர் அப்போதுதான் வந்திருந்தது. ஜப்பானில் இருந்த ‘ஸ்டார் டிரெக்’ ரசிகர்களுக்கு இவர்கள் அமெரிக்கத் தொடர்களைப் பதிவு செய்து அனுப்புவார்கள், அங்கிருந்து அனிமே கேசட் வரும். பண்டமாற்று.

29 செப்டம்பர் 2025

கேசட் மாற்றிக்கொண்டதில் என்ன பெரிய விஷயம் என்று ஒருவர் கேட்கிறார். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒரே டிவி முறை, என்டிஎஸ்சி. அங்கே பதிவான கேசட் இங்கே அப்படியே ஓடும். நம் ஊரும் ஐரோப்பாவில் பெரும்பகுதியும் பால் முறை. அதே கேசட்டைச் சென்னைக்கு எடுத்துப் போயிருந்தால் சாதாரண விசிஆரில் கோடும் புள்ளியும்தான். இந்தச் சின்னத் தற்செயல் இல்லாவிட்டால் அமெரிக்க ரசிகர் கூட்டம் இவ்வளவு சீக்கிரம் திரண்டிருக்காது என்பது என் எண்ணம்.

5 அக்டோபர் 2025

‘ரோபோடெக்’ பற்றிப் பேசாமல் எண்பதுகளைத் தாண்ட முடியாது. பேசினால் சண்டை வரும், வரட்டும்.

வாரநாள்தோறும் ஒரு கார்ட்டூனை உள்ளூர் சேனல்களுக்கு விற்க வேண்டுமானால் 65 எபிசோடாவது வேண்டும். வாரம் ஐந்து, பதின்மூன்று வாரம், அந்தக் கணக்கு. ஜப்பானின் ‘மாக்ராஸ்’ தொடரில் இருந்ததோ 36. ஹார்மனி கோல்ட் நிறுவனத்துக்காக கார்ல் மேசெக் என்ன செய்தார் தெரியுமா? ‘மாக்ராஸ்’ உட்பட ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று ஜப்பானியத் தொடர்களை எடுத்து, முதலாவதில் வருபவர்களின் பிள்ளைகள்தான் இரண்டாவதில் வருகிறார்கள் என்று தையல் போட்டு, ‘ரோபோடெக்’ என்று 85 எபிசோடாக 1985-ல் இறக்கிவிட்டார். கரண்ட் பில் கட்டாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுப்பது மாதிரி வேலை. ஆனால் விளக்கு எரிந்தது.

அவரை வில்லனாகவே பார்த்தவர்கள் உண்டு. கல்லூரி நாட்களில் என் கூட்டமும் அப்படித்தான். வெட்டுக்காரன், ஒட்டுக்காரன் என்று பேர். இப்போது யோசித்தால் வேறு மாதிரி தோன்றுகிறது. அதில் ராய் ஃபாக்கர் என்ற விமானி அடிபட்டு, காதலியின் வீட்டு சோபாவில் கிடார் வாசித்தபடி சாகிறான். அமெரிக்காவில் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் பிஸ்கட் தின்றபடி பார்க்கும் நேரம் அது. மேசெக் நினைத்திருந்தால் “ஆஸ்பத்திரியில் இருக்கிறான்” என்று ஒரு வசனம் போட்டு முடித்திருக்கலாம். சாண்டி ஃபிராங்க் வழி அதுதான். மேசெக் அந்தச் சாவை விட்டுவைத்தார். குடும்பப் பெயரை மாற்றினார், வரலாற்றை மாற்றினார், சாவை மாற்றவில்லை.

பின்னால் இதே மேசெக்தான் ஜெர்ரி பெக்கோடு சேர்ந்து ஸ்ட்ரீம்லைன் பிக்சர்ஸ் தொடங்கி, கட்சுஹிரோ ஓட்டோமோவின் ‘அகிரா’வை அமெரிக்கத் தியேட்டர்களில் ஓட்டினார். வில்லனுக்கு இவ்வளவு நல்ல காரியமா?

அதே 1985-ல் நிஜமான கொடுமை ஒன்று நடந்தது. ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ‘நௌசிகா’ படத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் வெட்டி, ‘வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்’ என்று பெயர் வைத்து விட்டார்கள். போஸ்டரில் படத்திலேயே இல்லாத வீரர்கள் முன்னால் நிற்பார்கள், கதாநாயகி ஓரத்தில் பொடிசாக இருப்பாள். இதன் வினை பின்னால் வரும்.

11 அக்டோபர் 2025

இனி நான் கண்ணால் பார்த்த காலம்.

தொண்ணூறுகளின் நடுவில் டெக்சாஸில் எம்.எஸ். படித்தேன். அறைத்தோழன் அந்த ஊர்க்காரன், கம்ப்யூட்டர் பையன். வெள்ளிக்கிழமை இரவு பொறியியல் கட்டடத்தில் ஒரு பெரிய வகுப்பறையில் ஏதோ கிளப் இருக்கிறது, பீட்சா கிடைக்கும் என்றான். பீட்சா போதும், போனேன். ரோபோவோ வெடியோ வரும் என்று உட்கார்ந்தால், திரையில் வந்தது ‘மைசன் இக்கொக்கு’. வாடகை அறைகள் உள்ள ஒரு பழைய வீடு. அதைப் பார்த்துக்கொள்ளும் இளம் விதவை. நுழைவுத் தேர்வில் தோற்றுத் தோற்றுப் படிக்கும் பையன். அவ்வளவுதான் கதை. ஆளுக்கொரு மாதிரி தொப்பியோடு அமர்ந்திருந்த எஞ்சினியரிங் பையன்கள் அறை நிறைய, அந்தப் பெண் செத்த கணவனை மறப்பாளா மாட்டாளா என்று மூச்சு விடாமல் பார்த்தார்கள். மொத்தம் 96 எபிசோடு. வாரத்துக்கு இரண்டு மூன்று போட்டால் முடிக்க எத்தனை செமஸ்டர் ஆகும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்தும் ஊரை விட்டுப் போகாத ஒருவன் எங்கள் கிளப்பில் இருந்தான். வேலை கிடைக்கவில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தான். காரணம் எங்களுக்குத் தெரியும்.

அமெரிக்கர்கள் சப்டைட்டில் படிக்கமாட்டார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த அறை முழுக்கப் படித்தது.

அந்தச் சப்டைட்டில் வந்த வழியைச் சொல்ல வேண்டும். ஜப்பானிலிருந்து லேசர் டிஸ்க் வரவழைப்பார்கள், விலை அதிகம். ஜப்பானியம் தெரிந்த ஒருவர் மொழிபெயர்ப்பார். அமிகா கம்ப்யூட்டரில் ஜென்லாக் என்ற கருவியைப் பொருத்தினால் ஓடும் படத்தின் மேல் எழுத்தை ஏற்றலாம், அதை அப்படியே கேசட்டில் பதிவு செய்வார்கள். அதுதான் மாஸ்டர். அதிலிருந்து நகல், நகலிலிருந்து நகல். நாலாவது நகலுக்குள் சிவப்பு நிறம் கோட்டைத் தாண்டி வழியும், எழுத்து நடுங்கும். வேண்டுமென்றால் காலி கேசட்டையும் திரும்பி வர ஸ்டாம்பையும் வைத்து அனுப்ப வேண்டும். லாபம் வைக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம், பல கேசட்டில் எழுதியே இருக்கும். யாராவது அமெரிக்காவில் உரிமை வாங்கிவிட்டால் நிறுத்திவிட வேண்டும். நல்ல குழுக்கள் நிறுத்தின.

ஒருமுறை நான் அனுப்பிய காலி கேசட் மூன்று மாதம் கழித்துத் திரும்பியது. முதல் எபிசோடு நன்றாக இருந்தது. இரண்டாவதின் நடுவில் யாரோ பதிவு செய்த பேஸ்பால் ஆட்டம். அனுப்பியவருக்கு எழுதிக் கேட்டேன், “அந்த ஆட்டமும் நல்ல ஆட்டம்தான்” என்று பதில் வந்தது.

கடையிலும் கிடைத்தது. அனிம்எய்கோ, சென்ட்ரல் பார்க் மீடியா, ஹூஸ்டனில் ஏடிவி என்று கம்பெனிகள் வந்துவிட்டிருந்தன. ஒரு கேசட்டில் இரண்டு எபிசோடு, விலை 25 டாலர் பக்கம். சப்டைட்டில் உள்ளது இன்னும் ஐந்தோ பத்தோ அதிகம். குரல் கொடுக்க ஆள் வைத்தது மலிவு, வெறும் எழுத்துக்கு விலை கூட. கேட்டால் வாங்குபவர்கள் குறைவு என்பார்கள். உதவித்தொகையில் இருந்த மாணவனுக்கு 96 எபிசோடை அந்த விலையில் பார்ப்பது நடக்கிற காரியமா?

12 அக்டோபர் 2025

“ஆக, திருட்டு கேசட்” என்று ஒருவர். ஆமாம், திருட்டு கேசட்தான். அதில் எனக்கு வாதமில்லை. அந்தத் திருட்டிலிருந்து வந்தவர்கள் பலர் பின்னால் இதே தொழிலில் மொழிபெயர்ப்பாளரானார்கள், கம்பெனியில் சேர்ந்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

19 அக்டோபர் 2025

மேலே எழுதியதை வாசித்துவிட்டு என் மனைவி கேட்டது: “அந்த அறையில் பொண்ணுங்க எத்தனை பேர்?” முன் வரிசையில் ஒரு சின்னக் கூட்டம், அவ்வளவுதான். நல்ல கேள்வி. அதனால் பெண்பிள்ளைகளே நாயகிகளான ‘சைலர் மூன்’ தொடர்.

1995 செப்டம்பரில் டிக் நிறுவனம் அதை உள்ளூர் சேனல்களுக்குக் கொடுத்தது. பல ஊரில் விடியற்காலை, கோழி கூவும் நேரத்தில் போட்டார்கள். எந்தப் பெண்பிள்ளை எழுந்து பார்க்கும்? 65 எபிசோடோடு கதை அந்தரத்தில் நின்றது. வேறு தொடராயிருந்தால் மறந்திருப்பார்கள். இதில் மீதிக் கதை ஜப்பானில் இருக்கிறது என்று ரசிகைகளுக்குத் தெரிந்துவிட்டது. இணையம் அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தது. ‘சேவ் அவர் சைலர்ஸ்’ என்று கையெழுத்து வாங்கினார்கள். விளம்பரதாரருக்குத் தங்கள் பலம் தெரியட்டும் என்று ஒரே நாளில் எல்லோரும் பாப்-டார்ட்ஸ் என்ற தின்பண்டத்தை வாங்கும் இயக்கம் நடத்தினார்கள். புறக்கணிப்புப் போராட்டம் தெரியும், வாங்கும் போராட்டம் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். பாக்கியிருந்த 17 எபிசோடு கடைசியில் வந்தே விட்டது.

அந்தப் பெண்பிள்ளைகள் வளர்ந்து புத்தகக் கடைக்குப் போனார்கள். 2002-ல் டோக்கியோபாப் நிறுவனம் சித்திரக்கதைகளைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பாமல், ஜப்பானில் உள்ளபடி வலமிருந்து இடமாகவே அச்சடித்து 10 டாலருக்குள் விற்க ஆரம்பித்தது. செலவும் மிச்சம், அசலுக்கு அசல். கடைகளில் அலமாரிகளுக்கு நடுவே பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பின்பக்கத்திலிருந்து படிப்பார்கள், நடக்க இடமிருக்காது. கடைக்காரர்கள் முதலில் முறைத்தார்கள், அப்புறம் அலமாரியைப் பெரிதாக்கினார்கள்.

20 அக்டோபர் 2025

‘டிராகன் பால் ஸி’யை விட்டுவிட்டேன் என்று நாலு பேர் வரிசையாகத் திட்டியாயிற்று. வருகிறேன்.

1996-ல் வந்தபோது வெட்டிக் கொத்திய 53 எபிசோடுதான். செத்தவர்கள் “வேறு பரிமாணத்துக்கு” அனுப்பப்பட்டார்கள். நரகத்து அரக்கர்களின் பனியனில் இருந்த ‘ஹெல்’ என்ற ஆங்கில எழுத்துகளை ‘எச்எஃப்ஐஎல்’ என்று வரைந்து மாற்றினார்கள். 1998 ஆகஸ்ட் கடைசியில் கார்ட்டூன் நெட்வொர்க்கின் டூனாமி நேரத்துக்கு வந்தது, மாலையில், பள்ளி விட்டதும். அங்கேதான் பிடித்துக்கொண்டது. அந்த 53 முடிந்ததும் என்ன செய்தார்கள்? மறுபடி முதலிலிருந்து. புது எபிசோடு 1999 செப்டம்பரில்தான். நாமெக் கிரகத்தில் சண்டை முற்றும் இடத்தில் கதை நின்று பழையபடி தொடங்கும், ஒரு தலைமுறையே பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது.

இன்னொன்று. அப்பா அம்மா இருவரும் வேலையில், வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைகளின் நேரம் அது. கறுப்பின, லத்தீனோ பையன்களிடம் இந்தத் தொடர் எவ்வளவு ஆழமாகப் போயிற்று என்பதை முடிவெட்டும் கடையில் உட்கார்ந்தாலே தெரிந்துகொள்ளலாம். நான் முடி வெட்டப் போகும் கடையில் இதில் வரும் வீரர்களில் கோக்குவா வெஜிட்டாவா பெரியவன் என்ற தகராறு இன்னும் தீரவில்லை. அனிமே என்றால் வெள்ளைக்காரக் கம்ப்யூட்டர் பையன்களின் பொழுதுபோக்கு என்ற என் கல்லூரிக்கால எண்ணம் இங்கே செல்லாது.

2 நவம்பர் 2025

சரி, தம்பியின் போக்கிமான்.

1998 செப்டம்பரில் தொடரும் கேம்பாய் விளையாட்டும் ஒரே மாதத்தில் இறங்கின. முந்தைய டிசம்பரில் ஜப்பானில் ஓர் எபிசோடின் மின்னும் வெளிச்சத்தால் 685 பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி அமெரிக்கப் பேப்பர்களிலும் வந்திருந்தது. அந்தப் பெயரோடு வந்து ஜெயித்தது சாதாரணமில்லை. 1999 நவம்பரில் முதல் படம், அமெரிக்காவில் மட்டும் 8.5 கோடி டாலர். படத்தைவிட டிக்கெட்டோடு கொடுத்த போக்கிமான் விளையாட்டுச் சீட்டுக்காகப் போன கூட்டம் பாதி இருக்கும்.

போக்கிமான் செய்த வேலை பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அது பழைய முறை வியாபாரத்தின் உச்சம். சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஜெல்லி டோனட் என்று சொன்ன தொடர் அது. கதையும் எங்கே ஆரம்பித்தாலும் புரியும், நாயகனுக்குப் பத்து வயது தாண்டவே தாண்டாது. ‘கிம்பா’வுக்கு என்பிசி கேட்டது அப்படியே இதில் இருக்கிறது.

எதிர்ப்பக்கம் பாருங்கள். ‘நௌசிகா’ வினை என்றேனே, மியாசாகியின் ஜிப்லி ஸ்டூடியோ அப்புறம் வெட்டுவதற்குச் சம்மதிக்கவேயில்லை. அவருடைய ‘இளவரசி மொனோனோகே’யை அமெரிக்காவின் மிராமாக்ஸ் நிறுவனம் வாங்கியபோது தயாரிப்பாளர் தோஷியோ சுசுகி அதன் தலைவர் ஹார்வி வைன்ஸ்டீனுக்கு ஒரு கட்டானா வாளைக் கொடுத்து “வெட்டு கூடாது” என்றார். வெட்டவில்லை. அமெரிக்காவில் 1999-ல் வந்து 23 லட்சம் டாலர் சொச்சம்தான் வசூலித்தது. 2002-ல் ‘ஸ்பிரிட்டட் அவே’யை டிஸ்னி வெளியிட்டது, ஆஸ்கர் வாங்கியது, வெளியான சுற்றில் வசூல் சுமார் 1 கோடி டாலர். மியாசாகி விழாவுக்கே போகவில்லை. ஈராக்கில் குண்டு போடும் நாட்டுக்கு வர மனமில்லை என்று பிற்பாடு சொன்னார்.

இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் வெட்டியவன் பிழைத்தான், வெட்டாதவன் பட்டினி. நானே கொஞ்சம் தடுமாறினேன். அப்புறம் தோன்றியது: டிவிடி. 1997-க்குப் பின் ஒரே தட்டில் ஆங்கிலக் குரலும் ஜப்பானியக் குரலும் சப்டைட்டிலும் சேர்ந்து வந்ததும், டப்பிங்கா சப்டைட்டிலா என்ற சண்டையில் கடைக்காரருக்கு இருந்த தலைவலி தீர்ந்தது. 2001 செப்டம்பர் 2 அன்று கார்ட்டூன் நெட்வொர்க்கின் இரவு நேரப் பகுதியான அடல்ட் ஸ்விம் தொடங்கிய முதல் இரவே ‘கௌபாய் பீபாப்’ போட்டார்கள். பெரியவர்களுக்கான கார்ட்டூன், நடுராத்திரி, வெட்டக் காரணமே இல்லை. காசு மெதுவாகச் சேர்ந்தது, தியேட்டரில் இல்லை, வீட்டில்.

9 நவம்பர் 2025

ஸ்ட்ரீமிங்தான் எல்லாம் என்பவர்கள் 2006 முதல் 2009 வரை நடந்ததைப் பார்க்க வேண்டும். டிவிடிகளை விற்ற பெரிய கடைத்தொடரின் தாய் நிறுவனமான மியூசிக்லேண்ட் 2006-ல் திவாலானது. அனிமே டிவிடி கம்பெனியான ஜெனியோன் 2007-ல் அமெரிக்கக் கடையைக் கட்டியது. சென்ட்ரல் பார்க் மீடியாவும் ஏடிவியும் 2009-ல் போயின. உரிமைகளைக் கொள்ளை விலைக்கு வாங்கியிருந்தார்கள். மறுபக்கம் ஜப்பானில் ஓடிய மறுநாளே பிட்டோரண்ட் என்ற இணையக் கோப்புப் பகிர்வில் சப்டைட்டிலோடு இலவசமாக வந்துவிடும். கேசட் காலத்து நாகரிகம் ஒன்றும் அங்கே இல்லை. உரிமை வாங்கினால் நிறுத்துவதா, யார் நிறுத்தினார்கள்?

க்ரஞ்சிரோல் என்ற ஸ்ட்ரீமிங் தளம் 2006-ல் தொடங்கியது அந்தத் திருட்டுச் சரக்கை வைத்துத்தான். 2009 ஜனவரியில் டிவி டோக்கியோவோடு ஒப்பந்தம் போட்டு, ‘நருட்டோ ஷிப்பூடென்’ ஜப்பானில் ஓடிய ஒரு மணி நேரத்தில் சப்டைட்டிலோடு தந்தது. கள்ளன் காவல்காரன் ஆன கதை. 2021-ல் சோனி அதை 117.5 கோடி டாலருக்கு வாங்கியது. ஆக ஸ்ட்ரீமிங் ஆளை உருவாக்கவில்லை. முப்பது வருடமாக விசிஆர், அமிகா, பிட்டோரண்ட் என்று காத்திருப்பைக் குறைக்கப் பாடுபட்டவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் மாதச் சந்தா வாங்கும் வழியைக் கண்டுபிடித்தது.

10 நவம்பர் 2025

“ஆளை உருவாக்கவில்லை” என்பது கொஞ்சம் அதிகம்தான் என்று நண்பர் ஒருவர் குறிப்பிடுகிறார். கொரோனா ஊரடங்கில் முதன்முதலாகப் பார்க்க உட்கார்ந்தவர்கள் ஏராளம், அவர்களுக்கு அமிகாவும் தெரியாது ஆமையும் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். கூட்டத்தைப் பெருக்கியது ஸ்ட்ரீமிங், விதைநெல் அதற்கு முந்தியது.

16 நவம்பர் 2025

‘இன்ஃபினிட்டி காஸில்’ என் பெண்ணோடு போய்ப் பார்த்தேன். நியூஜெர்சி, சனிக்கிழமை இரவு, ஜப்பானியக் குரல் காட்சி, இடமில்லை. முன்கதைச் சுருக்கம் ஒரு வரி கிடையாது. போன தொடர் முடிந்த நொடியில் படம் தொடங்குகிறது, கோட்டைக்குள் எல்லோரும் விழுந்துகொண்டிருக்கிறார்கள். முடிவும் கிடையாது, மூன்று படத்தில் இது முதலாவது. தெரியாமல் வந்த ஒருவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. அதற்குத்தான் மூன்று நாளில் 7 கோடி டாலர். இருபத்தாறு வருடமாக அனிமே படங்களின் தொடக்க வசூல் சாதனையாக நின்றது போக்கிமான் முதல் படத்தின் 3.1 கோடி. எந்த வரிசையில் போட்டாலும் புரிகிற சரக்கின் சாதனையை, வரிசை தவறினால் ஒன்றுமே புரியாத சரக்கு உடைத்திருக்கிறது.

பக்கத்து இருக்கையில் ஒரு பையன் தன் அப்பாவுக்கு யார் யார் என்று கிசுகிசுத்துக்கொண்டே இருந்தான். அப்பா இடைவேளை எப்போது என்று கேட்டார். அவர் கேட்டது தெலுங்கில், எனக்கே புரிந்துவிட்டது. இங்கே இடைவேளை கிடையாது, இரண்டரை மணி நேரத்துக்கு மேல்.

17 நவம்பர் 2025

தமிழ் டப்பிங் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அதே படம் அங்கே தமிழிலும் வந்தது. ஊரில் இருக்கும் என் அண்ணன் மகன் பார்த்திருக்கிறான், குரல்கள் நன்றாக இருந்தன என்கிறான். நான் கேட்கவில்லை, அதனால் கருத்து இல்லை.

7 டிசம்பர் 2025

மூன்று வாரமாக ஓடும் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற ரோபோக் கார்ட்டூன் அனிமேவா இல்லையா’ சண்டைக்கு என் பங்கு. பொம்மை ஜப்பானின் தகாராவிடமிருந்து வந்தது. வாங்கி விற்றது அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ. கதை எழுதியது அமெரிக்காவில். 1984-ல் பெரும்பகுதி வரைந்து அசைத்தது டோக்கியோவின் டோயே ஸ்டூடியோ. ‘இன்ஸ்பெக்டர் கேட்ஜெட்’, ‘தண்டர்கேட்ஸ்’ இரண்டிலும் ஜப்பானியக் கை உண்டு. எண்பதுகளில் இங்கே வளர்ந்த பிள்ளை சனிக்கிழமை காலை பார்த்ததில் எது எந்த ஊர் என்று பிரிக்கப் போனால் விடிந்துவிடும். என் ஓட்டு: அனிமே இல்லை. கதை எந்த ஊரில் எழுதப்பட்டதோ அந்த ஊர். இதற்கும் திட்டு வரும் என்று தெரியும், திட்டுபவர்கள் 98 எபிசோடையும் பார்த்தவர்களாக இருந்தால் நல்லது.